பாலும் முட்டையும் இல்லாத பழ மஃபின்: வீட்டில் செய்யும் முறையும் கவனிக்க வேண்டியவையும்

பால் ஒவ்வாமை அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பிறந்தநாள் வரும்போது வீட்டில் ஒரு தயக்கம் எழுகிறது. மற்றக் குழந்தைகள் கேக் உண்ண, இக்குழந்தை மட்டும் தட்டை விலக்கிவிட்டு நிற்க வேண்டுமா? அப்படி நிற்க வேண்டியதில்லை. பாலும் முட்டையும் இன்றி மிருதுவான பழ மஃபின்களை வீட்டிலேயே செய்ய இயலும். அதற்குத் தேவையான வாழைப்பழம், தேங்காய், அரிசி மாவு, வெல்லம் ஆகியவை நம் காவிரிப் படுகையின் சமையலறைகளில் எப்போதும் இருப்பவை.

எனினும் 'பாலில்லை, முட்டையில்லை' என்பது 'எல்லோருக்கும் ஏற்றது' என்று பொருள்படாது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு நலம் தரும் அதே மஃபின், சிறுநீரக நோயாளிக்கோ நீரிழிவு நோயாளிக்கோ தொல்லை தரக்கூடும். ஆகவே செய்முறையோடு, யார் எந்த அளவில் உண்ணலாம், யார் தவிர்க்க வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர் புதிது, பண்டம் பழையது

விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் சேர்க்காத உணவை 'வீகன்' உணவு என்கின்றனர். 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியபோது இச்சொல் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்பே, முதல் உலகப் போர்க் காலத்தில், முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்த அமெரிக்கக் குடும்பங்கள் அம்மூன்றும் இல்லாமல் உலர்திராட்சையை வேகவைத்துக் கேக் செய்தன. அதற்குப் 'போர்க்கால கேக்' என்றே பெயர்.

நம்மிடமும் இத்தகைய பண்டங்கள் உண்டு. திருக்கார்த்திகை தீபத்தன்று பல வீடுகளில் செய்யப்படும் அப்பத்தை எண்ணிப் பாருங்கள். கோதுமை மாவு அல்லது அரிசி மாவு, வெல்லப்பாகு, மசித்த வாழைப்பழம், தேங்காய், ஏலக்காய் ஆகியவையே அதன் பொருள்கள். அந்த மாவில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. அதை எண்ணெயிலோ நெய்யிலோ பொரிக்காமல், சற்று உப்பச் செய்து, வெப்பக் காற்றிலோ ஆவியிலோ வேகவைத்தால் பழ மஃபின் கிடைத்துவிடும்.

முட்டையும் பாலும் செய்யும் வேலை என்ன?

ஒரு பொருளை நீக்க வேண்டுமானால் அது செய்த வேலையை வேறொன்று ஏற்க வேண்டும். கேக்கில் முட்டை நான்கு வேலைகளைச் செய்கிறது. வெப்பம் பட்டதும் அதன் புரதம் இறுகி, மாவுக்கு உருவம் தருகிறது. அடித்த முட்டை காற்றைப் பிடித்துவைத்து மாவை உப்பச் செய்கிறது. மஞ்சள் கருவிலுள்ள லெசித்தின் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்துவைக்கிறது. முட்டையின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர் என்பதால் ஈரப்பதமும் கிடைக்கிறது.

இவற்றுள் ஈரத்தையும் பிணைப்பையும் நன்கு கனிந்த வாழைப்பழம் தருகிறது. மாவை உப்பச் செய்யும் பணியை ஆப்பசோடாவும் எலுமிச்சைச் சாறும் ஏற்கின்றன. சோடா காரத்தன்மை கொண்டது. புளிப்புடன் சேரும்போது கரியமில வாயு குமிழ்களாக வெளிப்பட்டு மாவை எழுப்புகிறது. உருவம் தரும் வேலையைக் கோதுமை மாவிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் செய்கிறது. பாலும் வெண்ணெயும் தரும் கொழுப்பையும் மணத்தையும் தேங்காய்ப்பாலும் எண்ணெயும் ஈடுசெய்கின்றன.

எந்தப் பழம், எந்த மாவு?

பூவன் பழம் இதற்கு மிகப் பொருத்தமானது. அதிலுள்ள இலேசான புளிப்பு சோடாவுடன் இணைந்து வேலை செய்யும். கற்பூரவள்ளி மிகுந்த இனிப்புடையது. அதைப் பயன்படுத்தினால் வெல்லத்தில் கால் பங்கைக் குறைக்கலாம். எந்தப் பழமாயினும் தோலில் கறும்புள்ளிகள் விழுந்திருக்கட்டும். பழம் கனியக் கனிய அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால் எளிதில் மசியும், இனிப்பும் கூடும். அழுகல் வாடையோ பூஞ்சையோ உள்ள பழத்தைப் பயன்படுத்தக் கூடாது.

அரிசி மாவை மட்டும் கொண்டு செய்தால் மஃபின் உதிரும். அரிசியில் குளூட்டன் இல்லாததே காரணம். மேலும், ஆறிய சோறு விறைப்பது போல, அரிசி மாவுப் பண்டமும் ஆறியபின் இறுகும். கோதுமை மாவுடன் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அரிசி மாவு சேர்த்தால் மஃபின் கனமின்றி வரும். ஆடுதுறையில் 1922-ஆம் ஆண்டு முதல் இயங்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஏடிடி வரிசை நெல் ரகங்கள் நம் வயல்களில் பல உண்டு. ரகத்துக்கு ரகம் மாவு ஈர்க்கும் நீரின் அளவு மாறும். ஆதலால் தேங்காய்ப்பாலை ஒரே முறையில் ஊற்றிவிடாமல் பதம் பார்த்துச் சேர்ப்பது நல்லது. வீட்டில் ஊறவைத்து இடித்த ஈர மாவாக இருந்தால், இலேசாக வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

சமைக்கத் தொடங்கும் முன்

ஒவ்வாமை உள்ளவருக்காகச் செய்யும்போது இப்பகுதியே மிக முக்கியமானது. காலையில் பால் காய்ச்சிக் காபி கலக்கும் சமையலறையில் கரண்டி, வடிகட்டி, துணி, கை எங்கும் பால் பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிறு அளவே சில குழந்தைகளுக்கு எதிர்விளைவை உண்டாக்கப் போதுமானது.

• பாத்திரங்களைத் துணியால் துடைத்தால் போதாது. சோப்பு போட்டு நீரில் கழுவ வேண்டும். 

• கைகளையும் சோப்பால் கழுவுங்கள். கிருமிநாசினித் திரவம் கிருமிகளைக் கொல்லும். ஒவ்வாமைப் புரதத்தை நீக்காது. 

• கிண்ணங்களில் தடவ நெய்யைப் பயன்படுத்தாதீர்கள். வெண்ணெயைக் காய்ச்சி எடுத்த நெய்யிலும் சிறிதளவு பால் புரதம் தங்கியிருக்கக்கூடும். 

• செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் வேர்க்கடலைப் புரதமும், செக்கு நல்லெண்ணெயில் எள்ளின் புரதமும் இருக்கலாம். அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் சூரியகாந்தி எண்ணெயைப் பயன்படுத்தலாம். 

• முந்திரிப் பாலும் பாதாம் பாலும் வீகன் உணவே. ஆனால் கொட்டைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அவை ஆபத்தானவை. இச்செய்முறையில் தேங்காய்ப்பாலைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். தேங்காயும் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெந்நீரை ஆறவைத்துச் சேர்த்து, எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம்.

தேவையான பொருள்கள் (10 மஃபின்களுக்கு)

• கோதுமை மாவு – 120 கிராம் (1 கப்) 

• பச்சரிசி மாவு – 70 கிராம் (ஏறக்குறைய அரை கப்) 

• பொடித்த வெல்லம் – 100 கிராம் 

• தோல் உரித்து மசித்த வாழைப்பழம் – 200 கிராம் 

• கெட்டியான முதல் தேங்காய்ப்பால் – 100 மில்லி 

• எண்ணெய் – 60 மில்லி (4 மேசைக்கரண்டி) 

• எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி 

• ஆப்பசோடா – முக்கால் தேக்கரண்டி 

• ஏலக்காய்த் தூள் – கால் தேக்கரண்டி 

• உப்பு – ஒரு சிட்டிகை 

• பொடியாக நறுக்கிய மாம்பழம், பலாச்சுளை அல்லது அன்னாசி – 50 கிராம்

செய்முறை

1. வெல்லத்தில் 2 மேசைக்கரண்டி நீர் விட்டுக் கரையும் வரை சூடாக்கி, மண்ணும் தூசியும் நீங்க வடிகட்டி, நன்கு ஆறவிடுங்கள். பாகு பதம் தேவையில்லை.

2. இரு மாவுகள், சோடா, உப்பு, ஏலக்காய்த் தூள் ஆகியவற்றை ஒன்றாக இருமுறை சலியுங்கள். சோடா ஓரிடத்தில் திரண்டு நின்றால் அந்த இடம் கசக்கும்.

3. வேறொரு பாத்திரத்தில் வாழைப்பழம், வெல்லக் கரைசல், எண்ணெய், தேங்காய்ப்பால் ஆகியவற்றைக் கட்டியின்றிக் கலக்குங்கள்.

4. அடுப்பும் பாத்திரமும் ஆயத்தமான பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். ஈரம் பட்டவுடன் சோடா வாயுவை வெளியிடத் தொடங்கிவிடும். காத்திருந்தால் மாவின் எழுச்சி வீணாகும்.

5. எலுமிச்சைச் சாற்றை ஈரக் கலவையில் சேர்த்து, உடனே மாவைக் கொட்டி, உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் மெல்லப் புரட்டுங்கள். இட்லி மாவைப் போல அடித்துக் கலக்கினால் குளூட்டன் இழுபட்டு மஃபின் ரப்பர் போலாகும். மாவு இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழ வேண்டும். மிகக் கெட்டியாக இருந்தால் ஓரிரு கரண்டி தேங்காய்ப்பால் சேர்க்கலாம்.

6. பழத் துண்டுகளைச் சிறிது மாவில் புரட்டிச் சேர்த்தால் அவை அடியில் தங்கா. எண்ணெய் தடவிய கிண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்.

வேகவைக்கும் மூன்று வழிகள்

*ஓவனில்:* 180 டிகிரி செல்சியஸில் முன்கூட்டியே சூடாக்கி, 20 முதல் 25 நிமிடம் வேகவையுங்கள்.

*கனமான சட்டியில்:* அடிகனமான சட்டியில் ஒரு விரற்கடை உயரம் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்து மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். கிண்ணங்களை ஒரு தட்டில் வைத்து வளையத்தின் மேல் இறக்கி, மூடி, சிறுதீயில் 30 முதல் 35 நிமிடம் வேகவையுங்கள். இதற்குப் பிரஷர் குக்கரைப் பயன்படுத்த வேண்டாம். தண்ணீரின்றி நெடுநேரம் சூடாக்கினால் அதன் வால்வும் ரப்பர் வளையமும் கெட்டு, பின்னர் சாதாரணச் சமையலின்போது விபத்து நேரக்கூடும்.

*இட்லிப் பானையில்:* சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் ஊற்றி, 18 முதல் 20 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். மூடியிலிருந்து நீர் சொட்டாதவாறு தூய துணி கட்டிக்கொள்ளுங்கள். ஆவியின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாததால் மேற்புறம் சிவக்காது. ஆனால் மிக மென்மையாக இருக்கும். முறுகல் பிடிக்காத முதியோருக்கு இதுவே நன்று.

எந்த முறையாயினும், நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்தால் அதில் மாவு ஒட்டக் கூடாது. 10 நிமிடம் ஆறிய பின் கிண்ணத்திலிருந்து எடுங்கள். நம் ஊர் வெக்கையில் தேங்காய்ப்பால் சேர்த்த பண்டம் விரைவில் கெடும். அன்றே உண்டுவிடுவது சிறப்பு. குளிர்சாதனப் பெட்டியில் 2 நாள் வைக்கலாம். உண்ணும் முன் ஆவியில் சூடாக்கினால் இறுகிய மாவு மீண்டும் மிருதுவாகும்.

முட்டை இல்லாததால் பச்சை மாவைக் குழந்தைகள் வழித்து நக்கலாம் என்று எண்ண வேண்டாம். வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். புற்றுநோய் சிகிச்சை பெறுவோரும் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் உள்ள வீடுகளில் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது

'முட்டையில்லாத கேக்' என்று பேக்கரியில் விற்கப்படுவதில் பெரும்பாலும் தயிர், கண்டென்ஸ்டு மில்க், பால் பவுடர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கும். முட்டை ஒவ்வாமைக்கு அது ஏற்கலாம். பால் ஒவ்வாமைக்கு ஏற்காது. பொட்டலத்தின் மீதுள்ள பச்சை வட்டக் குறி சைவ உணவைக் குறிக்கிறது. நம் நாட்டில் முட்டை அசைவப் பிரிவில் சேர்வதால், பச்சைக் குறி உள்ள பொருளில் முட்டை சேர்க்கப்பட்டிருக்காது. ஆனால் பால் இருக்கலாம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, பால், முட்டை, வேர்க்கடலை, கொட்டைகள், சோயா, மீன், குளூட்டன் உள்ள தானியங்கள் முதலியவை சேர்ந்திருந்தால் லேபிளில் தனியே குறிப்பிட வேண்டும். இக்குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவரைப் படித்துச் சொல்லக் கேளுங்கள். மில்க் சாலிட்ஸ், வே, கேசின், பட்டர், கீ ஆகிய சொற்கள் பாலையும், எக், ஆல்புமின் ஆகியவை முட்டையையும் குறிக்கும். வீகன் உணவுகளுக்கென 2022-ஆம் ஆண்டு தனி விதிகளும் தனி முத்திரையும் வந்துள்ளன. அம்முத்திரை இருப்பினும், ஒவ்வாமை உள்ளவர்கள் 'இருக்கக்கூடும்' என்னும் எச்சரிக்கை வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

*நீரிழிவு நோயாளிகள்:* மேற்கண்ட அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு மஃபினில் ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் மாவுச்சத்தும் 180 கலோரியும் இருக்கும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் சேர்த்ததால் இரத்தச் சர்க்கரை ஏறாது என்பது தவறான நம்பிக்கை. வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே. உண்பதாயின் அதை அந்த வேளை உணவின் கணக்கில் சேர்த்து, சோறு அல்லது இட்லியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தால் மஃபின் கொடுக்கக் கூடாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்நேரத்தில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கரைத்த நீரே தேவை.

*சிறுநீரக நோயாளிகள்:* வாழைப்பழம், வெல்லம், முழுக்கோதுமை மாவு, தேங்காய்ப்பால் ஆகிய நான்கிலும் பொட்டாசியம் உண்டு. 100 கிராம் வாழைப்பழத்தில் மட்டும் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கும். சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் பயன்படுத்தினால், சில வகைகளில் பாஸ்பேட் உப்புகளும் சேர்ந்திருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் பொட்டாசியம் கட்டுப்பாட்டில் உள்ளவர்களும் உணவியல் நிபுணரைக் கேட்காமல் இதை உண்ண வேண்டாம்.

*இதய நோயாளிகளும் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும்:* ஆப்பசோடாவிலும் சோடியம் உண்டு. ஒரு மஃபினில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் சேரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் வரம்பு நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்கும் குறைவு. தேங்காய்ப்பாலில் நிறைகொழுப்பு மிகுதி என்பதால், இவர்கள் எப்போதாவது ஒன்று என்று நிறுத்திக்கொள்வது நன்று.

*குளூட்டன் தவிர்க்க வேண்டியவர்கள்:* கோதுமை மாவை முழுவதும் நீக்கி, அந்த அளவுக்கும் அரிசி மாவையே சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் ஊறவைத்துக் கலக்குங்கள். அதன் கொழகொழப்பு மாவைப் பிணைக்கும். ஆவியில் வேகவைத்துச் சூடாக உண்பது நல்லது.

*விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள்:* பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் ஆற்றல் குறைந்தோருக்கு உதிரும் பண்டங்கள் புரையேறச் செய்யும். சிகிச்சையாளர் அனுமதித்த பதத்தில் மட்டுமே உணவு தர வேண்டும். சிறு குழந்தைகளுக்குச் செய்யும்போதும் முழு முந்திரியோ முழு உலர்திராட்சையோ சேர்க்காதீர்கள்.

பாலை நிறுத்தியபின் ஈடுசெய்ய வேண்டியவை

பால் ஒவ்வாமையும், பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காமையும் வெவ்வேறானவை. முன்னது பால் புரதத்துக்கு உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் எதிர்வினை. பின்னது பாலின் சர்க்கரை செரிக்காததால் வயிறு உப்புவதும் கழிவதும். செரிக்காமை உள்ளவர் சிறிது தயிர் உண்ண இயலும். ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவும் ஆகாது. ஆட்டுப்பாலும் எருமைப்பாலும் பசும்பாலுக்குப் பாதுகாப்பான மாற்றல்ல. அவற்றின் புரதங்கள் பெரிதும் ஒத்தவை.

மணத்துக்கும் மென்மைக்கும் தேங்காய்ப்பால் உதவும். ஊட்டச்சத்தில் அது பாலுக்கு ஈடாகாது. பால், முட்டை இரண்டையும் நிறுத்திய குழந்தைக்குப் புரதம், கால்சியம், வைட்டமின் டி, வைட்டமின் பி12 ஆகியவை குறையக்கூடும். பருப்பும் பயறும் புரதத்தையும், கேழ்வரகும் கீரையும் கால்சியத்தையும் ஓரளவு தரும். வைட்டமின் பி12 தாவர உணவுகளிலிருந்து போதிய அளவு கிடைப்பதில்லை. முழுச் சைவத்தை விரும்பி ஏற்றவர்களும் இது குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும்.

இளம் வயதில் தோன்றும் பால், முட்டை ஒவ்வாமைகள் பல குழந்தைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். முட்டை ஒவ்வாமை உள்ள பலருக்கு நன்கு வெந்த கேக்கிலுள்ள முட்டை ஒத்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் 'கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்' என்னும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டும்.

எதிர்விளைவு ஏற்பட்டால்

புதிய உணவை உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோலில் தடிப்பு, உதடு அல்லது கண் இமை வீக்கம், வாந்தி ஆகியவை தோன்றினால் உண்பதை உடனே நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள். மூச்சுத் திணறல், இழுப்பு, குரல் கம்முதல், மயக்கம், உடல் துவளுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அது உயிருக்கு ஆபத்தான நிலை. மருத்துவர் அட்ரினலின் ஊசி தந்திருந்தால் கற்றுக்கொடுத்தபடி உடனே செலுத்தி, 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்காரவிடலாம். எழுந்து நடக்க விடாதீர்கள். வாந்தி எடுக்கச் செய்யவும் முயல வேண்டாம். ஒவ்வாமை மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது பெருந்தவறாகும்.

முதன்முறை செய்யும்போது, பயன்படுத்திய பொருள்களின் பெயர்களையும் அளவுகளையும் ஒரு தாளில் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள். உங்கள் நோய்க்கும் மருந்துகளுக்கும் ஏற்றவாறு எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்பதை உணவியல் நிபுணர் அத்தாளைப் பார்த்தே சொல்லிவிடுவார். பள்ளியில் குழந்தையின் பிறந்தநாளைக் கொண்டாடுவதாயின், வகுப்பு முழுமைக்கும் இம்மஃபினையே செய்து அனுப்புங்கள். அதற்கு முன் ஆசிரியரிடம் பொருள்களின் பட்டியலைக் காட்டி, வேறு எந்தக் குழந்தைக்கேனும் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்து உண்ணலாம்.